கணக்குப் பார்த்துத் தள்ளுபடி: மன்னிப்பைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) சபையில் பதினான்கு வருடமாகப் புதன்கிழமை வேதபாட வகுப்பு எடுக்கிறேன். நான் ஆயர் இல்லை. சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவன். கோடையில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்குப் போய், காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் கூடும் ஒரு ஜெபக் குழுவிலும் பேசுவேன். எந்த வசனத்தை எடுத்தாலும் பேச்சு மன்னிப்பில்தான் வந்து நிற்கிறது. வகுப்பில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முடிந்து செருப்பு மாட்டும்போது ஓரமாக நின்று கேட்பார்கள். அப்படிக் கேட்டவை இவை. யார் கேட்டது என்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வசனங்கள் நாம் சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடி.

மன்னிப்பு என்றால் என்ன? "போனால் போகட்டும்" என்று பொறுத்துப் போவதா?

பொறுத்துப் போவது வேறு, மன்னிப்பது வேறு. பரமண்டல ஜெபத்தைத் தினமும் சொல்கிறோம், அதில் வரும் சொல்லைக் கவனிப்பதில்லை. "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று மத்தேயு 6:12 சொல்கிறது. கடன் என்பதுதான் அங்கே சொல். புதிய ஏற்பாட்டின் மூல மொழியான கிரேக்கத்தில் இந்த இடத்தில் உள்ள வினைச்சொல்லுக்கு விட்டுவிடுவது, போகவிடுவது, கடனைத் தள்ளுவது என்றெல்லாம் பொருள் உண்டு.

எங்கள் தொழிலில் ஆசாரிக்கு வெள்ளியை எடை போட்டுத்தான் கொடுப்போம். கொலுசு செய்து கொண்டுவந்தால் மறுபடி எடை போடுவோம். அரம் போட்டதில் போனது, உருக்கியதில் போனது என்று ஒரு சேதாரம் கழியும். அதற்கு மேல் குறைந்தால் நோட்டில் அவர் பெயருக்கு நேரே ஏறும். வருடக் கடைசியில் என் அப்பா சிலருடைய குறைவைத் தள்ளுபடி செய்வார். ஆனால் தராசில் வைக்காமல் எதையும் தள்ளியதில்லை. முதலில் இத்தனை கிராம் குறைகிறது என்று வாய்விட்டுச் சொல்வார். ஆசாரியும் கேட்டுக்கொள்வார். அப்புறம்தான் கோடு இழுப்பார்.

பொறுத்துப் போவது தராசையே எடுக்காமல் இருப்பது. மன்னிப்புக்குத் தராசு வேண்டும். "ஒன்றும் நடக்கவில்லை, விடுங்கள்" என்று சொல்கிறவர் இன்னும் மன்னிக்கவில்லை. நடந்தது என்ன, அது தனக்கு எவ்வளவு நஷ்டம் என்று தெரிந்தவரால்தான் மன்னிக்க முடியும்.

கிறிஸ்தவர் ஏன் மன்னிக்க வேண்டும்?

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் பேதுரு, "ஏழுதரமட்டுமோ?" என்று கேட்கிறார். இயேசு "ஏழெழுபதுதரமட்டும்" என்று சொல்லிவிட்டு ஒரு கதை சொல்கிறார். ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன், அவனுக்கு நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட இன்னொருவன். இதைப் பலமுறை கேட்டிருப்போம், கூட்டிப் பார்த்திருக்க மாட்டோம்.

ஒரு வெள்ளிப்பணம் என்பது அன்றைய ஒரு நாள் கூலி. திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் கதையில் அது வருகிறது. ஒரு தாலந்து சுமார் ஆறாயிரம் வெள்ளிப்பணம். அப்படியானால் பதினாயிரம் தாலந்து ஆறு கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை கிடைத்தால்கூட இரண்டு லட்சம் வருடம் உழைக்க வேண்டும். கணக்குக்காக ஒரு நாள் கூலியை 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,600 கோடி ரூபாய். அதை ராஜா தள்ளிவிட்டார்.

இப்போது அந்த நூறு வெள்ளிப்பணத்தைப் பாருங்கள். அதே கூலியில் 60,000 ரூபாய். பிரசங்கத்தில் இதை "அற்பக் கடன்" என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அறுபதாயிரம் ரூபாய் கைமாற்றுக் கொடுத்து ஏமாந்தவருக்கு அது அற்பமா? பிள்ளையின் ஒரு வருடப் படிப்பே அதில் போய்விடும். இயேசு வேண்டுமென்றேதான் அந்தத் தொகையை வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். உங்களுக்கு நடந்தது சின்ன விஷயம் என்று அவர் சொல்லவே இல்லை. அதைத் தள்ளும்போது வலிக்கும். உங்களுக்குத் தள்ளப்பட்டது அதைவிடப் பெரியது என்று மட்டும் சொல்கிறார்.

நான் மன்னித்தால்தான் தேவன் என்னை மன்னிப்பாரா? அப்படியானால் இது பேரம் ஆகாதா?

மத்தேயு 6:15 அப்படித்தான் தோன்ற வைக்கிறது. மனுஷருடைய தப்பிதங்களை மன்னிக்காவிட்டால் பிதாவும் மன்னிக்கமாட்டார் என்கிறது. இதைக் கேட்டுப் பயந்துபோய், வாயால் "மன்னித்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தூக்கம் இல்லாமல் கிடப்பவர்களை எனக்குத் தெரியும்.

அந்தக் கதையில் எது முதலில் நடந்தது என்று பாருங்கள். முதலில் ராஜா தள்ளினார். எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. ஊழியக்காரன் கேட்டது தள்ளுபடி இல்லை, தவணை. "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்றான். ராஜா கொடுத்ததோ முழு விடுதலை. அவன் காதில் அது ஏறவே இல்லை என்று நினைக்கிறேன். இன்னும் கடனைக் கட்ட வேண்டியவன் போலவே வெளியே வந்தான். வந்தவுடன் வசூலுக்கு இறங்கி, தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவன் தொண்டையை நெரித்தான்.

அதனால் இந்த வசனத்தை நான் மிரட்டலாக வாசிப்பதில்லை, பரிசோதனையாக வாசிக்கிறேன். யாரையாவது என்னால் விடவே முடியவில்லை என்றால், எனக்குத் தள்ளப்பட்டதை நான் இன்னும் நம்பவில்லையோ என்று என்னையே கேட்டுக்கொள்வேன். பல நாள் ஆமாம் என்றுதான் பதில் வந்திருக்கிறது.

மன்னித்தால் மறந்துவிட வேண்டுமா?

"பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று" என்று குறளிலேயே படித்து வளர்ந்தவர்கள் நாம். மறக்க முடிந்தால் நல்லதுதான். ஆனால் மறப்பது நம் கையில் இல்லை. தேவன் "அவர்கள் பாவங்களை இனி நினையாதிருப்பேன்" என்று எரேமியாவில் சொல்வது ஞாபகமறதியைப் பற்றியதல்ல. அதை எடுத்து நம்மேல் போட மாட்டேன் என்ற வாக்கு அது.

யோசேப்பு, தன்னை அடிமையாக விற்ற அண்ணன்கள் செய்ததை மறக்கவில்லை. "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். அதற்கு முன் அவர்களைச் சோதித்தும் பார்க்கிறார். தம்பி பென்யமீனையும் தன்னைப்போல விட்டுவிட்டுப் போய்விடுவார்களா என்று பார்த்த பிறகுதான் தான் யார் என்று சொல்லி அழுகிறார். உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளிலும் ஆணிக் காயம் இருந்தது, தோமாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஞாபகம் இருப்பது பாவமில்லை.

நீங்கள் யாரையாவது அப்படி மன்னித்திருக்கிறீர்களா?

இதை ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். சபையிலேயே பாதிப் பேருக்குத் தெரிந்த விஷயம் என்பதால் மறைக்காமல் சொன்னேன்.

அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்துதான் பட்டறை நடத்தினார்கள். 2003-ல் பிரிந்தார்கள். பிரிந்த அன்று இருப்பில் ஆறு கிலோ முந்நூறு கிராம் வெள்ளி குறைந்தது. அப்பா அதை நோட்டில் எழுதி, பக்கத்தில் யார் பெயரும் போடாமல் விட்டிருந்தார். அந்த வெற்று இடம்தான் எனக்கு ஆறவில்லை. கடன்காரர்கள் வீட்டுக்கு வந்து நின்றார்கள், அம்மாவின் நகை அடகுக்குப் போனது. 2006-ல் அப்பா இறந்தார். சித்தப்பா வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பேச்சு நின்றது. என் தங்கை கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயர் இல்லை. நான்தான் எடுக்கச் சொன்னேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே சபை. 1947-ல் தென்னிந்திய திருச்சபை உருவாகி, 1950-ல் திருவிருந்து ஆராதனைக்கு ஒரு முறையை வகுத்தபோது, ஆதிச் சபையின் வழக்கமான சமாதானம் கொடுப்பதை அதில் சேர்த்தார்கள். ஆயர் கொடுக்க, வரிசை வரிசையாக அது கைமாறி வரும். வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கையைச் சேர்த்து, இடது கையால் மற்றவர் கையை மூட வேண்டும். சித்தப்பா வலது பக்கம் மூன்றாவது வரிசை. நான் இடது பக்கம் பின்னால். சமாதானம் நெருங்கும்போது தண்ணீர் குடிக்க வெளியே போய்விடுவேன். வேதபாட வகுப்பு எடுக்க ஆரம்பித்த பிறகும் இப்படித்தான் செய்தேன்.

2013-ல் அறுப்பின் பண்டிகை அன்று கோயில் நிரம்பி வழிந்தது. தட்டு வைக்கும் அண்ணன் என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் ஒரு இடத்தில் உட்கார வைத்தார். திரும்பிப் பார்த்தால் சித்தப்பா. எழுந்து போக வழியில்லை. சமாதானம் வந்தது. அவர் கையை நீட்டினார். வலது கட்டைவிரல் நகம் கறுத்து, பிளந்திருந்தது. அரம் பிடித்த கை. அப்பாவுக்கும் அதே விரல், அதே இடத்தில் அதே பிளவு. நான் கையைக் கொடுத்து, "சமாதானம் சித்தப்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மனம் இளகியதாக எல்லாம் நினைவில்லை. கை வியர்த்திருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சில மாதம் கழித்து நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பக்கத்தைத் திறந்து காட்டி, "இது குறைஞ்சது சித்தப்பா. அப்பா இந்தக் கவலையோடதான் போனார். நான் இதைக் கேக்கப்போறதில்ல. ஆனா இது நடந்துச்சு" என்றேன். அவர் கண்ணாடி போட்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "நாலு கிலோதான் கண்ணு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எழுந்து வந்துவிட்டேன். அழுவார், காலில் விழாவிட்டாலும் கையையாவது பிடிப்பார் என்று எதிர்பார்த்துப் போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சிவதாபுரத்திலிருந்து வீடு வரும்வரை நாலா, ஆறு முந்நூறா என்று மனதுக்குள் வழக்காடினேன். பல வாரம் போன பிறகு ஒன்று புரிந்தது. அவர் ஒத்துக்கொள்ளும் தொகையை மட்டும் தள்ளினால், மீதி இரண்டு கிலோ முந்நூறு கிராம் என் நெஞ்சில் நிற்கும். இரண்டு பேரும் ஒரே கணக்குக்கு வரவே மாட்டோம். என் நோட்டில் உள்ளதை நான்தான் தள்ள வேண்டும். அந்தப் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டேன், தேதியும் போட்டேன். பிறகும் சில நாள் கோபம் வரும். வந்தால் கோடு போட்ட பக்கத்தைப் பார்ப்பேன்.

இப்போது போக வர இருக்கிறோம். தொழிலில் அவரோடு சேர மாட்டேன்.

அவர் மன்னிப்பே கேட்கவில்லை. அப்படியும் மன்னிக்க வேண்டுமா?

வேதத்தில் இரண்டும் இருக்கிறது. லூக்கா 17:3 "அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக" என்கிறது. அதே லூக்கா 23-ஆம் அதிகாரத்தில், யாரும் மனஸ்தாபப்படாத இடத்தில், ஆணி அடித்தவர்களுக்காக இயேசு "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று வேண்டுகிறார். ஸ்தேவானும் கல்லடி படும்போது "இவர்கள்மேல் இந்தப் பாவத்தைச் சுமத்தாதிரும்" என்கிறார்.

நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். பழிவாங்கும் உரிமையை விடுவது நான் ஒருவனே செய்யக்கூடியது. உறவு மறுபடி ஒட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். அவர் தவறை உணராதவரை முதலாவது நடக்கும், இரண்டாவது நடக்காது. "கூடுமானால் உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்று பவுல் ரோமர் 12:18-ல் எழுதும்போது அந்த எல்லை அவருக்குத் தெரிந்திருந்தது.

கணவர் அடிக்கிறார். சபையில் சொன்னால் "ஏழெழுபது தரம் மன்னி" என்கிறார்கள்.

அப்படிச் சொல்கிறவர்கள் அந்த அதிகாரத்தை முழுசாக வாசிக்கவில்லை. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

மத்தேயு 18-ஆம் அதிகாரம் ஏழெழுபதில் தொடங்கவில்லை. 6-ஆம் வசனத்தில், சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலமாயிருக்கும் என்று இயேசு சொல்கிறார். 15 முதல் 17 வரை, தவறு செய்தவனிடம் தனியாகப் போய்ச் சொல், கேட்காவிட்டால் இரண்டொருவரைச் சாட்சியாகக் கூட்டிப்போ, அப்போதும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்கிறார். அதற்கும் அடங்காவிட்டால் அவனை வெளியாளாக எண்ணச் சொல்கிறார். இத்தனையும் சொன்ன பிறகுதான் பேதுருவின் கேள்வி வருகிறது. முதல் பாதியை மூடிவைத்துவிட்டுக் கடைசிப் பாதியை மட்டும் அடிபட்ட பெண் கையில் கொடுப்பது வேதத்தைத் திரிப்பது.

அம்மா, முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். அம்மா வீடோ, அக்கா வீடோ, தோழி வீடோ. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அவர் உங்களை நெருங்காதபடி உத்தரவு கேட்கவும், அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையைக் கேட்கவும் வழி இருக்கிறது. மனதில் மன்னிப்பது அடி நின்ற பிறகு, காயம் ஆறிய பிறகு, உங்களுக்கும் தேவனுக்கும் இடையில் நிதானமாக நடக்கட்டும். அதற்கு யாரும் நாள் குறிக்கக் கூடாது. நீங்கள் மன்னித்தாலும் அந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் அதில் இல்லை.

குழந்தைகளுக்கு நடந்த கொடுமை என்றால் பேச்சே இல்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிடுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் வருடத்துப் போக்சோ சட்டப்படி, அப்படிப்பட்ட குற்றத்தைத் தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். "சபைப் பெயர் கெட்டுவிடும், மன்னித்து விடுவோம்" என்று மூப்பர்கள் கூடி முடிவெடுக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. அவர்களுக்குச் செய்யப்படாத குற்றத்தை அவர்கள் எப்படி மன்னிப்பார்கள்?

அப்படியானால் மன்னித்த பிறகும் வழக்கு நடத்தலாமா?

நடத்தலாம். பவுலே தனக்கு நியாயம் வேண்டும் என்று இராயனுக்கு, அதாவது ரோமச் சக்கரவர்த்திக்கு, அபயமிட்டு மேல்முறையீடு செய்தவர்தான், அப்போஸ்தலர் 25-ல் இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு எல்லோரும் அறிந்த சாட்சி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ். ஒடிசாவில் பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கு ஊழியம் செய்த அவருடைய கணவர் கிரஹாம் ஸ்டெயின்ஸும், 10 வயது பிலிப்பும், 6 வயது தீமோத்தேயுவும் 1999 ஜனவரியில் மனோகர்பூரில் வண்டிக்குள் தூங்கும்போது எரித்துக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று கிளாடிஸ் சொன்னார். தொழுநோயாளிகளை விட்டுவிட்டு உடனே ஊருக்குப் போய்விடவும் இல்லை. அதே சமயம் வழக்கு வழக்காக நடந்தது. முதல் குற்றவாளிக்கு 2003-ல் மரண தண்டனை, 2005-ல் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது, 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவருடைய மன்னிப்பு நீதிமன்றத்தின் குறுக்கே போய் நிற்கவில்லை. தண்டனை கொடுப்பது அரசின் வேலை. கசப்பைச் சுமக்காமல் இருப்பது அவருடைய வேலை.

கோபம் வருவதே பாவமா?

இல்லை. "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள், சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று எபேசியர் 4:26 சொல்கிறது. சங்கீதங்கள் பலவற்றில் கோபம் இருக்கிறது. 109-ஆம் சங்கீதத்தை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். தேவனிடம் சொல்லக் கூடாத வார்த்தை என்று எதுவும் இல்லை என்பது தெரியும்.

தோட்டத்தில் தினமும் அதே ஆளோடு வேலை. தினமும் ஒரு குத்தல் பேச்சு. எத்தனை தரம்தான்?

ஏற்காட்டில் காப்பிப் பழம் எடுக்கும் ஒரு அக்கா கேட்டது. மற்றவர்கள் கேட்கும் பெரிய துரோகக் கதைகளைவிட இந்தக் கேள்விதான் பேதுருவின் கேள்விக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவரும் "எத்தனைதரம்" என்றுதான் கேட்டார்.

சாயங்காலம் எடை போடும் வரிசையை நான் பார்த்திருக்கிறேன். சில்வர் ஓக் மரத்தடியில் தராசு தொங்கும். மூட்டையை ஒவ்வொருவராக மாட்டுவார்கள். இந்த அக்காவின் மூட்டை ஏறும்போது, பின்னால் நிற்பவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பாதி பச்சைக்காயா இருக்கும் பாருங்க" என்பாள். தினமும் அதே சொல். அக்கா கையில் பழச்சாறு காய்ந்து பிசுபிசு என்றிருக்கும். அந்தக் கையோடு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு தள்ளி நிற்பார்.

இதற்கு ஒரே தடவையில் போடும் தள்ளுபடி கிடையாது. நூறு தடவை, ஒவ்வொன்றும் அஞ்சு பத்து ரூபாய்க் கடன் மாதிரி, அன்றன்றைக்கே தீர்க்க வேண்டியிருக்கும். ஏழெழுபது என்றால் 490. அத்தனை வரை எண்ணிக்கொண்டிருக்க யாராலும் முடியாது, அதற்குள் எண்ணுவதையே விட்டிருப்போம். நான் அந்த அக்காவிடம் சொன்னது, சேர்த்து வைக்காதீர்கள், இரவு சோறு வடிக்கும்போது அன்றைக்கு உள்ளதை மட்டும் பெயர் சொல்லி ஜெபத்தில் விடுங்கள் என்பது. இன்னொன்றும் சொன்னேன். ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ இப்படிச் சொல்றது எனக்கு வலிக்குது தங்கச்சி" என்று சொல்லிவிடுங்கள். அதுவும் மத்தேயு 18-தான். சொன்னாரா என்று இன்னும் கேட்கவில்லை.

எடையில் மேஸ்திரி ஏமாற்றினால் கதையே வேறு. அது கூலி. பிடித்து வைத்த கூலி "கூக்குரலிடுகிறது" என்று யாக்கோபு 5:4 சொல்லும் விஷயம். கூலியைக் கேட்டு வாங்குங்கள்.

சாதியின் பேரால் தலைமுறை தலைமுறையாக நடந்ததை மன்னிக்கச் சொல்கிறார்கள்.

யார் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அடித்தவன் பிள்ளைகள் அடிபட்டவன் பிள்ளைகளிடம் "பழசை விடுங்கள், நாம் எல்லோரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று" என்று சொல்வது மன்னிப்பு கேட்பதாகாது. நம் மாநிலத்தில் சில சபைகளில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கொரு பக்கம் இருந்திருக்கிறது. வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயு ஆண்டவரைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட அன்றே, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திரும்பக் கொடுப்பேன் என்று எழுந்து நின்று சொன்னான். சாதியால் ஆதாயம் கண்டவர்கள் முதலில் அந்த இடத்தில் எழுந்து நிற்கட்டும். மன்னிப்பதும் மன்னிக்காததும் காயம் பட்டவர்கள் கையில் இருக்கிறது. அவர்கள் சார்பில் நான் பேச முடியாது.

தப்பு செய்தவன் நான்தான் என்றால்?

மத்தேயு 5:23, 24-ஐ வாசியுங்கள். காணிக்கையோடு பலிபீடத்தண்டை நிற்கும்போது, உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறார் இயேசு. ஆராதனை காத்திருக்கும்.

போகும்போது "ஏதாவது தப்பு நடந்திருந்தா மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லாதீர்கள். "நடந்திருந்தா" என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். "உங்களைப் பத்தி இன்னாரிடம் பொய் சொன்னேன்" என்று முழுசாக. பணம் என்றால் பணத்தோடு போங்கள், ஒரு பகுதியாவது கையில் இருக்கட்டும். அவர் உடனே மன்னிக்காவிட்டால் குறைப்படாமல் எழுந்து வாருங்கள். "நாந்தான் வந்து கேட்டுட்டேனே" என்று இரண்டாவது வழக்கு ஆரம்பிக்காதீர்கள்.

என்னை நானே மன்னிக்க முடியவில்லை.

பேதுரு இயேசுவை மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் பக்கத்தில் குளிர்காயும்போது, யோவான் 18-ல். உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் இயேசு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டதும் ஒரு கரிநெருப்பின் பக்கத்தில்தான், யோவான் 21-ல். அங்கே மூன்று முறை "என்னை நேசிக்கிறாயா?" என்று கேட்டார். மறுதலித்ததும் மூன்று முறை. பேதுரு தன்னைத்தானே மன்னித்துக்கொண்டதாக எங்கும் எழுதவில்லை. அவரிடம் வேலை கொடுக்கப்பட்டது, "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்று. எழுந்து அந்த வேலையைப் பார்த்தார்.

உண்மையிலேயே இப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்களா, அல்லது பிரசங்கத்துக்காகச் சொல்வதா?

கேரளத்தைச் சேர்ந்த சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளுக்காக உழைத்தவர். 1995 பிப்ரவரி 25-ல் ஓடும் பேருந்தில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய சொந்தத் தங்கையான சகோதரி செல்மி, 2002-ல் ரக்ஷா பந்தன் அன்று சிறைக்குப் போய், குத்திய அந்த ஆளின் கையில் ராக்கி கட்டினார். பிறகு அந்த ஆள் விடுதலையாகி, ராணி மரியாவின் வீட்டுக்கே போய் அந்தத் தாயைப் பார்த்தார். 2017 நவம்பர் 4-ல் இந்தூரில் ராணி மரியாவை, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பெற்றவராகக் கத்தோலிக்கத் திருச்சபை அறிவித்தது. அந்தத் தங்கை ராக்கி கட்டியது ஏழு வருடம் கழித்து. அந்த ஏழு வருடத்தையும் சேர்த்தே இந்தச் செய்தியைச் சொல்லுங்கள் என்று எங்கள் வகுப்பில் கேட்டுக்கொள்வேன்.

எனக்குக் கொடுமை செய்தவர் இறந்துவிட்டார். இனி என்ன செய்வது?

எங்கள் சபையில் ஒரு அக்கா இருக்கிறார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருடம் மாமியார் அவரை நிம்மதியாக ஒருவேளை சாப்பிட விட்டதில்லை. மாமியார் இறந்தபோது இவரால் அழவும் முடியவில்லை, அது ஒரு குற்ற உணர்வாகத் தங்கிவிட்டது. என்னிடம் வந்து கேட்டார். எனக்கும் உடனே ஒன்றும் தோன்றவில்லை. உங்கள் கணக்கை அவர்களிடமே போய்ச் சொல்லுங்கள் என்றேன்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். தோட்டம் முழுக்கக் கூட்டம், பூக்கடை, ஊதுவத்திப் புகை. அவர் மாமியார் கல்லறைப் பக்கத்தில் ஒரு செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். "அத்தை" என்று ஆரம்பித்தார். வளைகாப்பு அன்று செய்தது, பிரசவத்துக்குப் போன இடத்தில் சொன்னது, அவருடைய அப்பாவை வாசலில் நிற்க வைத்தது, ஒவ்வொன்றாக. நான் நாலு கல்லறை தள்ளி என் அப்பா கல்லறையைக் கழுவிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் பேசியிருப்பார். பக்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அன்றைக்கு அங்கே எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். முடித்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

ஒவ்வொரு வருடமும் வருகிறார். மாமனார் கல்லறைக்கு ஒரு முழம் மல்லிகையும் சாமந்தியும் வைப்பார். மாமியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி, பூ இல்லை. போன வருடம் காற்றில் அந்த மெழுகுவர்த்தி அணைந்தது. திரும்பி வந்து, கையால் மறைத்து, மறுபடி ஏற்றிவிட்டுப் போனார்.